போனில் மெமரி எவ்வளவு மிச்சம்? ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்கள் அளந்து பார்க்கும் வழி

போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் பாரம் (ஆர்டர் நிரப்பும் படிவம்) காலியாக இருக்கிறது என்றுதான் முதலில் புகார் வந்தது. ஜவுளி மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் எழுதிக்கொடுத்த ஆப். விற்பனைப் பையன்கள் கடை கடையாகப் போய் ஆர்டரை நிரப்பி, துணியைப் போட்டோ எடுத்து அதில் சேர்க்க வேண்டும். என் போனில் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவர்கள் கையிலிருந்த 2 ஜிபி போன்களில் கேமராவைத் திறந்து மூடினால் அதுவரை தட்டிய அத்தனையும் போய்விடும். கிராஷ் அறிக்கை ஒன்றுகூட வரவில்லை. மூன்று வாரம் கோட்டில் இல்லாத பிழையைத் தேடி அலைந்தேன். கடைசியில் பார்த்தால் ஆப் கிராஷே ஆகவில்லை. கேமராவுக்கு இடம் போதாமல், பின்னால் நின்றிருந்த என் ஆப்பை ஆண்ட்ராய்டே சத்தமில்லாமல் மூடியிருக்கிறது.

அந்த மூன்று வாரத்தில் மெமரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோட்டை நான்கு விதமாக எழுதினேன். நான்கும் நான்கு எண்ணைச் சொன்னது. எந்த எண்ணிலும் தப்பில்லை. நான் கேட்ட கேள்விதான் குழப்பம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். கிளாஸ், மெத்தட் பெயர்களை ஒலிக்கும் விதத்தில் தமிழில் தந்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் முதல் நாலு எழுத்தைத் தட்டினாலே முழுப் பெயரும் வந்து நிற்கும்.

1. எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மெமரி எவ்வளவு மிச்சம்" என்பதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

போன் முழுவதிலும் எவ்வளவு ரேம் காலி? இது எல்லா ஆப்புக்கும் பொதுவான கிணறு.

என் ஆப்பின் ஜாவா ஹீப்புக்கு (கோட் உருவாக்கும் ஆப்ஜெக்டுகள் உட்காரும் மெமரி) எவ்வளவு வரை அனுமதி, அதில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது? இது உங்களுக்கென்று அளந்து கொடுத்த குடம். இதைத் தாண்டினால் அவுட் ஆஃப் மெமரி எரர் வரும், கிராஷ் ஆகும், அறிக்கையும் வரும்.

என் ஆப் மொத்தமாக எவ்வளவு ரேம் எடுத்துக்கொண்டிருக்கிறது? ஹீப், நேட்டிவ் மெமரி (ஜாவா ஹீப்புக்கு வெளியே எடுப்பது), கிராஃபிக்ஸ், கோட் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆப் பின்னால் போன பிறகு, போனில் இடம் குறையும்போது யாரை முதலில் வெளியேற்றுவது என்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

கிராஷ் அறிக்கையில் அவுட் ஆஃப் மெமரி என்று வந்தால் நேராக 4, 6-ஆம் படிகளுக்குப் போங்கள். என்னைப் போல ஆப் தானாக மூடிக்கொள்கிறது, ஆனால் அறிக்கை இல்லை என்றால் 5, 7, 8 உங்களுக்கானவை.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, செலவு

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். அதோடு ஏடிபி என்ற கருவியும் வந்துவிடும், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கமாண்டு கொடுக்க. பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். எமுலேட்டரும் சேர்த்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியில் ஓட்டிப் பார்த்தேன், டீ குடித்துவிட்டு வரலாம்.

யூஎஸ்பி கேபிள் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவுக் கேபிளைச் செருகிவிட்டு, போன் ஏன் தெரியவில்லை என்று நான் ஒரு மாலைப்பொழுதை வீணடித்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேற்பட்ட போன் என்றால் கேபிளே வேண்டாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது, ஒரே வைஃபையில் இருந்தால் போதும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தெரியவில்லையா? செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுங்கள்.

செலவு செய்தே ஆக வேண்டியது ஒன்றுதான்: ஒரு மட்டமான போன். 2 ஜிபி அல்லது 3 ஜிபி ரேம் உள்ள பழைய போன் ஒன்றை வாங்குங்கள். நான் செகண்ட் ஹேண்டில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வேலையில் நான் போட்ட காசில் உருப்படியான காசு அதுதான். வாங்கியதும் ஃபேக்டரி ரீசெட் செய்து பளிச்சென்று வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பயனர்கள் போனில் என்னென்ன இருக்குமோ அதையெல்லாம் ஏற்றுங்கள்: வாட்ஸ்அப், யூடியூப், யூபிஐ ஆப் இரண்டு, ஒரு கேம். காலி போனில் எல்லா ஆப்பும் நன்றாகத்தான் ஓடும்.

எமுலேட்டர் இதற்கு மாற்று ஆகாது. விர்ச்சுவல் போனை உருவாக்கும்போது ரேமை 2048 எம்பி என்று குறைத்து வைக்கலாம், முதல் கட்டச் சோதனைக்கு அது உதவும். ஆனால் போன் கம்பெனிகள் சேர்த்து அனுப்பும் ஆப்புகளின் நெரிசல் அதில் இருக்காது.

ஆவணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஆப்பின் பதிப்பு, எந்தத் திரை, எத்தனை கேபி, என்ன நேரம் என்று பத்திகள் போடுங்கள். எழுதி வைக்காத எண் மறுநாள் ஞாபகம் இருக்காது. ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் அதன் மேலேயே குறித்து வையுங்கள், கமாண்டுகளில் அடிக்கடி தேவைப்படும்.

நேரம்: எல்லாம் தயார் செய்ய ஒரு மணி நேரம், ஒரு சுற்று அளக்க அரை நாள்.

3. போன் முழுவதற்குமான கணக்கு

ஆக்டிவிட்டி மேனேஜர் என்ற சிஸ்டம் சர்வீஸை எடுங்கள். மெமரி இன்ஃபோ என்ற காலி ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, கெட் மெமரி இன்ஃபோ மெத்தடுக்குக் கொடுங்கள். அது நிரப்பித் தரும். பார்க்க வேண்டியவை நான்கு.

டோட்டல் மெம் என்பது மொத்த ரேம். கடைக்காரர் 2 ஜிபி என்று சொன்ன போனில் இது 1.8 ஜிபி அளவுக்குத்தான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, கெர்னலும் வன்பொருளும் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டது போக மிச்சம் அது. பெட்டியில் போட்ட எண்ணே வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு 14-இலிருந்து அட்வர்டைஸ்ட் மெம் என்று தனியாக இருக்கிறது. "4 + 4 ஜிபி ரேம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் இரண்டாவது 4 ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கும் ஸ்வாப். டோட்டல் மெம் கணக்கில் அது வராது, நீங்களும் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அவெயில் மெம் இப்போது கிடைக்கக்கூடியது. தோராயமான எண். இதில் ஒரு பகுதி, சிஸ்டம் சீராக ஓடத் தேவைப்படுகிற மெமரியாகவே இருக்கும். 600 எம்பி காலி என்று காட்டினால் 600-ஐயும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

த்ரெஷோல்ட் என்பது ஆபத்துக் கோடு. அவெயில் மெம் இதை நெருங்கும்போது சிஸ்டம் பின்னால் இருப்பவற்றை வெளியேற்றத் தொடங்கும். லோ மெமரி என்ற உண்மை/பொய் மதிப்பு, அந்தக் கட்டத்தில் இருக்கிறோமா என்று சொல்லும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. இந்த எண்களெல்லாம் பைட்டில், லாங் வகையில் வருகின்றன. அவசரத்தில் இன்ட்டாக (லாங்கை விடச் சிறிய எண் வகை) மாற்றினால் 300 கோடி பைட் காலியாக இருக்கும் போனில் மைனஸ் 129,49,67,296 என்று காட்டும். எனக்குக் காட்டியது. நல்ல போனில்தான் இந்தப் பிழை வெளியே வரும், மட்டமான போனில் ஒளிந்துகொள்ளும். அதனால் இன்னும் குழப்பம். எம்பியாக மாற்றும்போது லாங்கிலேயே 1024-ஆல் இரண்டு முறை வகுங்கள்.

இன்னொரு குழி: பெரிய வேலைக்கு முன் அவெயில் மெம்மைப் பார்த்து, இருந்தால் செய், இல்லையென்றால் விடு என்று எழுதுவது. நீங்கள் பார்த்த மறு நொடியில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அழைப்பு வந்தால் கதை மாறிவிடும். உங்கள் ஆப் முன்னால் இருந்து இடம் கேட்டால், பின்னால் இருப்பவற்றை மூடி சிஸ்டம் இடம் உண்டாக்கித் தரும் என்பதும் உண்டு. ஆக இரண்டு பக்கமும் ஏமாற்றும் எண் இது. முடிவெடுக்க எனக்குப் பயன்பட்டது இஸ் லோ ரேம் டிவைஸ் என்ற மெத்தட். மெமரி குறைந்த ரகம் என்று தயாரிப்பாளரே குறித்து அனுப்பிய போன்களில் மட்டும் ஆம் என்று சொல்லும். ஆண்ட்ராய்டு 4.4 முதல் இருக்கிறது. அத்தகைய போனில் அனிமேஷனைக் குறை, படத்தைச் சிறிதாகக் காட்டு என்று ஆரம்பத்திலேயே ஒருமுறை முடிவு செய்துவிடலாம்.

4. உங்கள் குடத்தின் அளவு: ஜாவா ஹீப்

அதே ஆக்டிவிட்டி மேனேஜரில் கெட் மெமரி கிளாஸ் என்று கேட்டால் உங்கள் ஆப்பின் ஹீப் எல்லை எம்பியில் வரும். என் 2,800 ரூபாய் போனில் 192. கெட் லார்ஜ் மெமரி கிளாஸ் என்று கேட்டால் 512. போனுக்குப் போன் மாறும், உங்கள் போனின் எண்ணை எல்லா போனுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்க்க ரன்டைம் கிளாஸ். அதில் மேக்ஸ் மெமரி, டோட்டல் மெமரி, ஃப்ரீ மெமரி என்று மூன்று. பெயரைப் பார்த்து ஃப்ரீ மெமரிதான் மிச்சம் என்று நினைத்துவிடுவோம். நானும் அங்கேதான் விழுந்தேன். 6 எம்பிதான் மிச்சம் என்று காட்டியதும் பதறிப்போய், தேவையில்லாத இடத்திலெல்லாம் படங்களை அழித்துக்கொண்டிருந்தேன்.

ஹீப் தேவைக்கேற்ப வளரும். டோட்டல் மெமரி என்பது இதுவரை வளர்ந்த அளவு. ஃப்ரீ மெமரி அந்த வளர்ந்த அளவுக்குள் காலியாக இருப்பது மட்டும். எல்லை வரை வளர இன்னும் இடம் இருக்கிறது என்பதை அது கணக்கில் எடுக்காது. சரியான கணக்கு இப்படி: டோட்டலிலிருந்து ஃப்ரீயைக் கழித்தால் உண்மையில் பயன்படுத்தியது. மேக்ஸிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம். என் போனில் மேக்ஸ் 192, டோட்டல் 40, ஃப்ரீ 6 என்று இருந்தது. பயன்படுத்தியது 34, மிச்சம் 158. ஆறு என்று நினைத்தது நூற்றைம்பத்தெட்டு.

மிச்சம் உண்மையிலேயே குறைவாக இருந்தால் பலரும் சொல்லும் குறுக்கு வழி மெனிஃபெஸ்டில் லார்ஜ் ஹீப் என்பதை ட்ரூ என்று வைப்பது. ஒரு வரி, உடனே பலன் தெரியும், அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஹீப் பெருத்தால், பயன்படாத ஆப்ஜெக்டுகளைக் கழித்து இடத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்ஷனுக்கு (ஜிசி) வேலை கூடும். ஆப்பும் பெருக்கும், பின்னால் போனதும் வெளியேற்றப்படும் வாய்ப்பும் கூடும். போட்டோ எடிட்டர் மாதிரி ஆப்புக்கு அது நியாயம். ஆர்டர் எடுக்கும் ஆப்புக்கு எதற்கு? நானும் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். சிஸ்டம் ஜிசியைக் கூப்பிட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். எங்கோ இன்னும் பிடித்து வைத்திருக்கும் ஆப்ஜெக்டை அது தொடாது.

ஃப்ளட்டரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டார்ட்டின் ஹீப் தனி. இந்த ஜாவா கணக்கில் அது தெரியவே தெரியாது. நீங்கள் இந்தப் படியைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம்.

5. மொத்தக் கணக்கு: டம்ப்சிஸ்

எனக்குக் கண்ணைத் திறந்தது இந்தக் கமாண்டுதான். போனை இணைத்துவிட்டு டெர்மினலில் ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு உங்கள் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். ஒரு நீளமான அட்டவணை வரும். முதல் தடவை பார்த்தால் மின்வாரிய பில் மாதிரி ஒன்றும் புரியாது. மேல் பாதியை விடுங்கள். கீழே ஆப் சம்மரி என்ற பகுதிக்குப் போங்கள்.

அங்கே ஜாவா ஹீப், நேட்டிவ் ஹீப், கோட், ஸ்டாக், கிராஃபிக்ஸ், ப்ரைவேட் அதர், சிஸ்டம் என்று வரிசையாக இருக்கும். எல்லாம் கேபியில். கடைசியில் டோட்டல் பிஎஸ்எஸ். பிஎஸ்எஸ் என்பது பங்கு பிரித்த கணக்கு: பல ஆப்புகள் சேர்ந்து பயன்படுத்தும் மெமரியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, உங்களுடையதோடு சேர்த்திருக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுத வேண்டியது அந்த எண்.

எப்போது எழுதுவது? நான் செய்யும் வரிசை இது. ஆப்பைத் திறந்ததும் ஒருமுறை. முக்கியமான வேலையை ஒரு தடவை செய்துவிட்டு ஒருமுறை. அதே வேலையை இருபது தடவை செய்துவிட்டு ஒருமுறை. முதல் திரைக்குத் திரும்பி ஒரு நிமிடம் சும்மா விட்டு ஒருமுறை. என் ஆப்பில் வந்த எண்கள்: 84,000, 131,000, 312,000, 305,000. கடைசி இரண்டையும் பாருங்கள். இருபது போட்டோ பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகும் இறங்கவே இல்லை. அதில் நேட்டிவ் ஹீப் மட்டும் 200,000-க்கு மேல். ஜாவா ஹீப்பில் இன்னும் நூற்றைம்பது எம்பி மிச்சம் என்று 4-ஆம் படியின் கணக்கு அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது!

அதே அட்டவணையின் கீழே ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒரு பகுதி. அதில் ஆக்டிவிட்டீஸ் என்ற எண்ணைப் பாருங்கள். போனைப் பத்துத் தடவை படுக்கவும் நிமிரவும் திருப்புங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், கமாண்டை மறுபடி ஓட்டுங்கள். திறந்திருப்பது ஒரே திரை, எண்ணும் ஒன்று இரண்டு என்றால் நல்லது. எனக்கு 11 என்று வந்தது. பத்துத் திரைகள் செத்தும் போகாமல் ஆவியாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தன் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு. காரணம், ஒரு ஸ்டாட்டிக் மாறியில் நான் வைத்திருந்த லிசனர். எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க லீக் கேனரி என்ற இலவச லைப்ரரியை டீபக் பில்டில் சேர்த்தால் போதும், ஒரு வரி டிபெண்டன்சிதான்.

ஆனால் டீபக் பில்டில் எடுத்த எண்களை வாடிக்கையாளரிடம் காட்டாதீர்கள். ப்ரொஃபைலர் இணைந்திருந்தால், லீக் கேனரி ஓடிக்கொண்டிருந்தால் எண் உப்பியிருக்கும். கசிவைத் தேட டீபக், அளந்து எழுத ரிலீஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆப்புக்குள்ளேயே இந்த எண்ணை எடுக்கலாமா? எடுக்கலாம். டீபக் கிளாஸில் கெட் மெமரி இன்ஃபோ இருக்கிறது. கிராஃபிக்ஸ் கணக்கு அதில் விட்டுப்போகலாம். ஆக்டிவிட்டி மேனேஜரின் கெட் ப்ராசஸ் மெமரி இன்ஃபோவும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து அது உங்கள் சொந்த ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ஆப்) மட்டும்தான் பதில் சொல்லும், அடுத்தடுத்துக் கேட்டால் பழைய எண்ணையே திருப்பித் தரும். நொடிக்கு ஒருமுறை கேட்டு வரைபடம் போட்டு, "கோடு நேராக இருக்கிறது, கசிவே இல்லை" என்று மகிழ்ந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

6. படம்தான் பெரும்பாலும் குற்றவாளி

போட்டோ ஃபைல் 3 எம்பிதானே என்று நினைக்க வேண்டாம். அது சுருட்டி வைத்த பாய். திரையில் விரித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட். 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 பிக்சல். 4-ஆல் பெருக்கினால் 4 கோடியே 80 லட்சம் பைட், கிட்டத்தட்ட 46 எம்பி. இந்தக் காலத்து 108 மெகாபிக்சல் படத்தை அப்படியே விரித்தால் 400 எம்பியைத் தாண்டும். 100 எம்பிக்கு மேலான பிட்மேப்பைத் திரையில் வரையச் சொன்னால் ஆண்ட்ராய்டே எக்செப்ஷன் எறிந்துவிடும்.

அந்தப் பிக்சல்கள் எங்கே உட்காருகின்றன என்பதுதான் என் குழப்பத்தின் ஆணிவேர். ஆண்ட்ராய்டு 3 முதல் 7.1 வரை ஜாவா ஹீப்பில். 8.0-இலிருந்து நேட்டிவ் ஹீப்பில். அதனால்தான் புதிய போனில் ஹீப் மிச்சம் தாராளமாகக் காட்டும், ஆப் மட்டும் வீங்கிக்கொண்டே போகும். லார்ஜ் ஹீப் வைத்தும் பலனில்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

செய்ய வேண்டியது: பிட்மேப் ஃபேக்டரி ஆப்ஷன்ஸில் இன் ஜஸ்ட் டீகோட் பவுண்ட்ஸை ட்ரூ என்று வைத்து முதலில் அகல உயரத்தை மட்டும் படியுங்கள், மெமரி செலவாகாது. பிறகு காட்டப்போகும் இடத்தின் அளவைப் பார்த்து இன் சாம்பிள் சைஸ் கொடுங்கள். 4 என்று கொடுத்தால் 1000-க்கு 750, அதாவது 30 லட்சம் பைட். 46 எம்பி 3 எம்பிக்குள் அடங்கிவிட்டது. 2, 4, 8 என்றே கொடுங்கள். 5 கொடுத்தால் அது 4 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் வேண்டாம் என்றால் கிளைட் அல்லது காயில் லைப்ரரி, இமேஜ் வியூவின் அளவுக்குத் தானே சுருக்கிக்கொள்ளும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். கையால் எழுதிப் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

7. ஆப்பை நீங்களே கொன்று பாருங்கள்

படத்தைச் சுருக்கினேன், லிசனரை விடுவித்தேன், 305,000 என்பது 110,000-க்கு இறங்கியது. புகார் குறைந்தது, நிற்கவில்லை. கேமரா ஆப் பெரும் தீனிக்காரன். 2 ஜிபி போனில் அது வந்தால் யாராவது வெளியே போயே ஆக வேண்டும். எவ்வளவு இளைத்தாலும் ஒருநாள் உங்கள் ஆப் வெளியேற்றப்படும். அப்படிப் போய்த் திரும்பினால் பயனரின் வேலை அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான சோதனை.

எப்படி: ஆப்பில் பாதிப் பாரத்தை நிரப்புங்கள். ஹோம் பட்டனை அழுத்துங்கள். டெர்மினலில் ஏடிபி ஷெல் ஏஎம் கில், பிறகு பேக்கேஜ் பெயர். இப்போது ரீசென்ட்ஸ் திரையிலிருந்து ஆப்பைத் திறங்கள். நிரப்பியது இருந்தால் தேறிவிட்டீர்கள். ஆப் முன்னால் இருக்கும்போது இந்தக் கமாண்டைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, அது பின்னால் இருப்பதை மட்டும்தான் கொல்லும்.

மூன்று தப்பான சோதனைகள் உண்டு, மூன்றையும் செய்தவன் நான். ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தால் சேமித்த நிலையே அழிந்துவிடும், எனவே எப்போதும் தோல்விதான் காட்டும். ரீசென்ட்ஸிலிருந்து விரலால் தள்ளி மூடுவதும் அதே கதை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" திரையை மட்டும்தான் அழிக்கும். ப்ராசஸ் உயிரோடு இருப்பதால் ஸ்டாட்டிக் மாறிகள், சிங்கிள்டன்கள் எல்லாம் அப்படியே இருக்கும், எனவே பொய்யாக வெற்றி காட்டும்.

பாரத்தில் தட்டிய எழுத்துகளை, ப்ராசஸ் செத்தாலும் சிஸ்டம் காப்பாற்றி வைக்கும் சேவ்டு ஸ்டேட் ஹேண்டிலில் வையுங்கள். வெறும் வியூ மாடலில் வைத்தால் திரை திரும்பும்போது தப்பிக்கும், ப்ராசஸ் செத்தால் அதோடு போய்விடும். கேமராவுக்குக் கொடுத்த ஃபைலின் முகவரியையும் அதிலேயே சேமியுங்கள், இதை மறந்தால் எடுத்த போட்டோ எங்கே போனது என்று தெரியாது. படத்தையே அதற்குள் திணிக்காதீர்கள். அந்த வழிக்கு மொத்தமே 1 எம்பிதான் எல்லை, தாண்டினால் ட்ரான்ஸாக்ஷன் டூ லார்ஜ் என்று கிராஷ். பெரிய பாரம் என்றால் போனிலேயே இருக்கும் ரூம் டேட்டாபேஸில் வரைவாக எழுதிவிட்டு, அதன் எண்ணை மட்டும் சேமிப்பது மேல். நான் அப்படித்தான் செய்தேன், இரண்டு நாள் வேலை.

8. செத்ததற்குக் காரணம் கேட்பது

ஆண்ட்ராய்டு 11-இலிருந்து ஆப் திறக்கும்போது, போன தடவை ஏன் செத்தோம் என்று கேட்கலாம். ஆக்டிவிட்டி மேனேஜரின் கெட் ஹிஸ்டாரிக்கல் ப்ராசஸ் எக்ஸிட் ரீசன்ஸ். பேக்கேஜ் பெயருக்கு நல் (காலி மதிப்பு), பிஐடிக்கு (ப்ராசஸின் எண்) 0, எத்தனை வேண்டும் என்பதற்கு 5 கொடுங்கள். காரணம் ரீசன் லோ மெமரி என்று வந்தால் சந்தேகமே இல்லை. கூடவே சாகும் சமயம் கடைசியாக அளந்த பிஎஸ்எஸ்ஸும் வரும்.

எல்லாப் போனும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. இஸ் லோ மெமரி கில் ரிப்போர்ட் சப்போர்ட்டட் என்று கேட்டு, பொய் என்று வந்தால் ரீசன் சிக்னல்டு, நிலை எண் 9 என்ற கூட்டணியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவும் இதே சாவுதான். இதை உங்கள் சர்வருக்கு ஒரு வரியாக அனுப்பி வையுங்கள். கிராஷ் அறிக்கைக் கருவிகளில் வராத சாவுகள் இவை, எனவே பிளே கன்சோலின் கிராஷ் விகிதத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது. நான் இதைச் சேர்த்த முதல் வாரத்திலேயே எந்தப் பையனின் போனில், நாளுக்கு எத்தனை தடவை என்று தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பே சேர்த்திருக்கலாம்.

9. எச்சரிக்கை மணியை நம்பலாமா

ஆன் ட்ரிம் மெமரி என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்தால் மெமரி குறையும்போது சிஸ்டம் கூப்பிட்டுச் சொல்லும் என்று பழைய பாடங்களில் இருக்கும். அதில் ரன்னிங் லோ, ரன்னிங் கிரிட்டிக்கல், மாடரேட், கம்ப்ளீட் என்ற நிலைகளெல்லாம் ஆண்ட்ராய்டு 14-இலிருந்து ஆப்புகளுக்கு வருவதில்லை. மிஞ்சியவை இரண்டு: யூஐ ஹிட்டன், பேக்ரவுண்ட். திரை மறைந்தது, பின்னால் போய்விட்டீர்கள் என்று சொல்பவை. அந்த நேரத்தில் படக் கேஷைக் காலி செய்யுங்கள், அது போதும். பழைய நிலைகளுக்கு நீளமான வென் பிளாக் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

10. ஐபோனுக்கும் எழுதுகிறவர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், என் அனுபவம் இதில் குறைவு. ஐஓஎஸ் 13-இலிருந்து ஓஎஸ் ப்ராக் அவெயிலபிள் மெமரி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் ஆப் எல்லையைத் தொட இன்னும் எத்தனை பைட் என்று நேராகச் சொல்லும். ஆண்ட்ராய்டில் மூன்று இடத்தில் தேடியது இங்கே ஒரே வரி, பொறாமையாகத்தான் இருக்கிறது. சிமுலேட்டரில் பார்க்காதீர்கள், அது மேக்கின் மெமரியில் ஓடுவது. உண்மையான போனில்தான் அளக்க வேண்டும்.

செலவுதான் இடிக்கும். எக்ஸ்கோடுக்கு மேக் வேண்டும். ஆப் ஸ்டோரில் போட ஆண்டுக்கு 99 டாலர்; பிளே ஸ்டோரில் ஒரே ஒருமுறை 25 டாலர். அளந்து பார்க்க மட்டும் என்றால் பணம் கட்டத் தேவையில்லை, சாதாரண ஆப்பிள் ஐடியிலேயே உங்கள் போனில் ஏற்றலாம். ஆனால் அப்படி ஏற்றிய ஆப் ஏழு நாளில் திறக்க மறுக்கும், மறுபடி ஏற்ற வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கிய போன் என்றால் அந்த ஏழு நாளுக்குள் நான்கு அளவுகளையும் எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதிவிடுங்கள்.